பன்னிரண்டு காசு

2020 ஜூன் 24, புதன்கிழமை. தில்லி பெட்ரோல் பங்க்குகளின் விலைப் பலகையில் அன்று காலை வழக்கம் தலைகீழானது. பெட்ரோல் லிட்டர் ரூ. 79.76. டீசல் ரூ. 79.88. வித்தியாசம் பன்னிரண்டே காசு. மிட்டாய்கூட வாங்க முடியாத தொகைதான். ஆனால் தில்லியில் அதற்கு முன் ஒருநாளும் டீசல் விலை பெட்ரோலை மிஞ்சியதில்லை. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வந்தவர்கள், இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டனவோ என்று பங்க் ஊழியரைக் கேட்டார்கள். மாறவில்லை. தொடர்ந்து பதினெட்டாவது நாளாக டீசல் விலை ஏறியிருந்தது. பெட்ரோல் அன்று ஒருநாள் ஓய்வெடுத்துக் கொண்டது. அந்த ஓய்வில் டீசல் முந்திவிட்டது.

புவனேஸ்வரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2018 அக்டோபரிலேயே அங்கு டீசல் பெட்ரோலைத் தாண்டியது. ஒடிசா அரசு இரண்டுக்கும் ஒரே அளவு, 26 சதவீதம், வாட் வரி போட்டிருந்ததே அதற்குக் காரணம். ஆனால் புவனேஸ்வரத்தில் நடப்பது புவனேஸ்வரச் செய்தி, தில்லியில் நடப்பதோ தேசியச் செய்தி. பத்திரிகைகளுக்கு அந்தப் பன்னிரண்டு காசு தலைப்புச் செய்தியானது.

இந்தியர்களின் மனதில் எரிபொருளுக்கு ஒரு சாதிவரிசை உண்டு. பெட்ரோல் உயர்ந்தது, அதனால் விலை கூடியது. டீசல் மட்டமானது, அதனால் மலிவானது. மண்ணெண்ணெய் அதற்கும் கீழே. கரும்புகை கக்கும் லாரியைப் பார்த்தவர்கள் இந்த வரிசையைச் சந்தேகிக்கத் தேவையிருக்கவில்லை. சுத்திகரிப்பு ஆலைக்குப் போனால் இந்த மதிப்பீடு எடுபடாது. கச்சா எண்ணெயைக் கொதிக்கவைத்து உயரமான கோபுரத்துக்குள் ஆவியாக அனுப்புகிறார்கள். லேசானது மேலே போய்ப் பெட்ரோலாகிறது, நடுவில் மண்ணெண்ணெய், அதற்குக் கீழே டீசல், அடியில் தார். ஒரு பீப்பாயிலிருந்து டீசலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாமென்று சொல்ல முடியாது. எது எவ்வளவு விலை போகும் என்பதை உலகச் சந்தையில் யாருக்கு எது எவ்வளவு வேண்டும் என்பது தீர்மானிக்கிறது. மேலும், ஒரு லிட்டர் டீசல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடக் கனமானது, அதற்குள் இருக்கும் சக்தியும் அதிகம். அமெரிக்காவில் 2004க்குப் பிறகு டீசல்தான் பெரும்பாலும் விலை கூடியது. அங்கே மத்திய அரசின் வரியே டீசலுக்குக் காலனுக்கு ஆறு சென்ட் அதிகம்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டீசலிலுள்ள கந்தகத்தை எடுக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் ஒரு சதவீதம் வரை, அதாவது பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு, கந்தகம் இருந்தது. பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரல் 1 முதல் அனுமதி பத்துப் பங்கு மட்டுமே. ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரித்தெடுக்க எண்ணெய் நிறுவனங்கள் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவிட்டிருந்தன. மட்டமான சரக்கு என்ற பழைய பெயர் இனி அதற்குப் பொருந்தாது.

தில்லியின் விலைப் பலகையைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். டீசல் முந்துவதற்கு எட்டு நாள் முன்பு, ஜூன் 16 அன்று, ஒரு லிட்டர் பெட்ரோலின் அடிப்படை விலை ரூ. 22.11. டீசலின் அடிப்படை விலை ரூ. 22.93. வரி எதுவும் சேராத நிலையிலேயே டீசல் எண்பத்திரண்டு காசு அதிகம். பிறகு மத்திய கலால் வரி பெட்ரோலுக்கு ரூ. 32.98, டீசலுக்கு ரூ. 31.83. தில்லி அரசின் வாட் வரி பெட்ரோலுக்கு ரூ. 17.71, டீசலுக்கு ரூ. 17.60. டீலர் கமிஷன் பெட்ரோலுக்குச் சுமார் ஒரு ரூபாய் கூடுதல். அன்று பெட்ரோல் 76.73க்கும் டீசல் 75.19க்கும் விற்றன. வாங்குகிறவர் கொடுத்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய்க்குப் போகவில்லை.

ஆக, டீசல் எப்படி விலை ஏறியது என்பது அவ்வளவு பெரிய புதிரல்ல. இத்தனை காலம் அது எப்படி மலிவாக இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மலிவு அரசு கொடுத்தது. 2002 மார்ச் முடியும்வரை எண்ணெய்ப் பொருட்களின் விலையைத் தில்லியில் அதிகாரிகள் தீர்மானித்தார்கள். அவர்கள் பார்வையில் பெட்ரோல் என்றால் கார், கார் என்றால் வசதி. டீசல் என்றால் லாரி, பஸ், ரயில் இன்ஜின், வயலில் ஓடும் பம்ப்செட், டிராக்டர். முதலாவதில் கூடுதலாக வாங்கி இரண்டாவதில் விட்டுக்கொடுப்பது நியாயமாகத் தோன்றியது. நியாயமும்தான். 1973இல் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார், படம் எடுத்துக்கொண்டார்கள், விலை இறங்கவில்லை. டீசலில் கை வைக்கும்போதுதான் ஆட்சியாளர்களுக்கு வியர்க்கும். லாரி வாடகை ஏறும், தக்காளி விலை ஏறும், தேர்தல் வரும்.

2002இல் பெயரளவுக்குக் கட்டுப்பாடு போனது. நடைமுறையில் அமைச்சரவையைக் கேட்காமல் யாரும் விலையைத் தொடவில்லை. 2010 ஜூனில் பெட்ரோலை மட்டும் சந்தைக்கு விட்டார்கள், டீசலை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். விளைவு 2012 மே மாதம் உச்சத்துக்குப் போனது. தில்லியில் பெட்ரோல் ஒரே இரவில் ஏழரை ரூபாய் ஏறி ரூ. 73.18 ஆனது. டீசல் ரூ. 40.91. இடைவெளி 32 ரூபாய்.

இவ்வளவு பெரிய சலுகை ஏழைக்கென்று எழுதி வைத்திருந்தால் வசதியானவர் கண்ணில் படாமல் இருக்குமா? பங்க்கில் குழாயைப் பிடிப்பவர், டாங்கியின் சொந்தக்காரர் விவசாயியா, ஒப்பந்தக்காரரா என்று கேட்பதில்லை. கார் கம்பெனிகள் டீசல் மாடல்களைக் குவித்தன. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் மாருதியிலும் டாடாவிலும் ஃபியட்டிலும் ஒரே நேரத்தில் ஓடியது. இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று அதற்குக் கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். டீசல் கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். செல்போன் கோபுரங்களும் பெரிய கடை வளாகங்களும் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. டீசல் கார்களுக்குத் தனி வரி போட வேண்டும் என்று கிரித் பாரிக் குழு 2010லேயே சொல்லியிருந்தது. கார் கம்பெனிகள் ஒப்புவார்களா? 2012-13இல் டீசலை அடக்க விலைக்குக் கீழே விற்றதில் எண்ணெய் நிறுவனங்கள் காட்டிய இழப்பு மட்டும் சுமார் 92 ஆயிரம் கோடி ரூபாய். அதில் ஒரு பகுதி ஐந்து பேர் உட்காரும் கார்களின் டாங்கியில் எரிந்தது.

விலை இடைவெளிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரே கோபுரத்திலிருந்து பிறந்த மூன்று எண்ணெய்களுக்கு மூன்று விலை வைத்தால், மலிவானதை விலை கூடியதில் ஊற்றும் தொழில் தானாகவே முளைக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் எத்தனை டாங்கிகளுக்குள் போயிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படம் செய்த ஒரு பங்க்குக்குச் சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐ.ஐ.எம். லக்னோவில் படித்தவர், வயது 27. பொருளாதார நூல்களில் விலைச் சிதைவு என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

2013 ஜனவரியில் மன்மோகன் சிங் அரசு டீசலை மாதம் ஐம்பது காசு வீதம் ஏற்றும் வேலையைத் தொடங்கியது. வலி தெரியாமல் பல் பிடுங்குவது போல. அது வேலை செய்தது. கூடவே, மொத்தமாக வாங்குகிறவர்கள் சந்தை விலை கொடுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. அரசு போக்குவரத்துக் கழகங்கள்தான் அதில் மாட்டின. தமிழக அரசு பஸ்கள் சொந்த டெப்போவை விட்டுவிட்டு, வெளியே தனியார் பங்க்குகளில் போய் டீசல் போட்டுக்கொண்டன. சில்லறையில் வாங்கினால் மலிவு, மொத்தத்தில் வாங்கினால் அதிகம் என்ற விசித்திரத்தை அதற்கு முன் எந்த வியாபாரியும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

2014 அக்டோபரில் நரேந்திர மோடி அரசு டீசலையும் சந்தைக்கு விட்டது. நல்ல நேரம் பார்த்துத்தான் விட்டார்கள். கச்சா எண்ணெய் விலை சரியத் தொடங்கியிருந்தது. ஆனால் சரிவு முழுவதும் வாங்குகிறவர் பைக்கு வரவில்லை. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் கலால் வரி ஒன்பது தடவை கூடியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு ரூ. 9.48 ஆக இருந்தது ரூ. 21.48 ஆயிற்று. டீசலுக்கு ரூ. 3.56 ஆக இருந்தது ரூ. 17.33 ஆயிற்று. ஒன்று இரண்டு மடங்குக்குச் சற்று மேல், மற்றது ஏறக்குறைய ஐந்து மடங்கு. டீசலின் பழைய சலுகை கரைந்தது இங்கேதான். யாரும் அறிவித்துச் செய்யவில்லை. விலைப் பலகை அப்போது இறங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் உறைக்கவுமில்லை. 2019-20இல் நாடு சுமார் எட்டே கால் கோடி டன் டீசலையும் மூன்று கோடி டன் பெட்ரோலையும் எரித்தது. வரி போடுகிறவர் எந்தக் குழாயின் அடியில் குடத்தை வைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. கடை இல்லை, வண்டி இல்லை, ஆகவே வரியும் இல்லை. அரசுகளிடம் மிச்சமிருந்த கறவை மாடுகள் இரண்டே: சாராயமும் எரிபொருளும். தில்லி அரசு மே 5 அன்று இரண்டிலும் ஒரே நாளில் கை வைத்தது. மது பாட்டிலுக்கு 70 சதவீத கொரோனாக் கட்டணம். பெட்ரோல் மீதான வாட் 27 சதவீதத்திலிருந்து 30. டீசல் மீதான வாட் 16.75 சதவீதத்திலிருந்து அதே 30. டீசல் ஒரே நாளில் ரூ. 62.29லிருந்து ரூ. 69.39க்குத் தாவியது. அன்றிரவே மத்திய அரசும் கலால் வரியைப் பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் கூட்டியது. கச்சா எண்ணெய் அதலபாதாளத்தில் கிடந்ததால் அன்று விலைப் பலகையில் அது தெரியவில்லை. ஜூன் 7 முதல் கச்சா எண்ணெய் நிமிர, தினமும் ஐம்பது அறுபது காசாகப் பலகை ஏறியது.

மத்திய அரசின் அந்த வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. மாநிலங்களோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது அடிப்படைக் கலால் மட்டும்தான். டீசலின் ரூ. 31.83இல் அது ரூ. 4.83. மீதி 27 ரூபாய் சாலை வரி, சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் மத்திய அரசிடமே தங்கியது. மாநிலங்கள் வாட்டை விட மறுப்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

தில்லி அரசுக்கு டீசலை உயர்த்தத் துணிச்சல் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2002 முடிவதற்குள் தில்லியின் பஸ்களும் ஆட்டோக்களும் சி.என்.ஜி.க்கு மாறிவிட்டன. விவசாயம் பெயரளவுக்குத்தான். தில்லியில் டீசல் போடுகிறவர்களில் பலர் வழிப்போக்கர்கள்: அரியானா லாரி, பஞ்சாப் லாரி, ராஜஸ்தான் லாரி. அவர்களுக்குத் தில்லியில் ஓட்டில்லை. ஆனால் அவர்களுக்கு ஸ்டீயரிங் இருந்தது.

அந்த ஜூனில் சங்ககிரிப் பக்கத்து லாரி ஒன்று வட தில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் நான்கு நாளாக ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக் கிடந்தது. டிரைவருக்கு நாற்பது வயதுக்கு மேல். தொற்றுக்குப் பயந்து கிளீனர் வரவில்லை, தனியாகத்தான் ஓட்டி வந்திருந்தார். ஐந்தாம் நாள் சென்னைக்கு லோடு அமைந்தது, புக்கிங் ஆபீஸ்காரர் சொன்ன வாடகைக்குத்தான். தொழிற்சாலைகள் பாதி ஓடுகின்றன, லாரிகள் எல்லாம் நிற்கின்றன. பேரம் பேசினால் பின்னால் இருப்பவர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அவர் ஊருக்குப் போன் போட்டார்.

“ஏனுங்கண்ணா, லோடு ஏத்தியாச்சுங்க. டீசல் இங்க போட வேண்டாமுங்க. பார்டரு வரைக்கும் வண்டியில இருக்குதுங்க.”

“எவ்வளவு கொறையும்?”

“அந்தப் பக்கம் லிட்டருக்கு ஏழெட்டு ரூபா கொறைச்சலுன்னு சொல்றாங்க.”

“சரி, தாண்டியே போட்டுக்க. வழியில நல்லாச் சாப்புடு.”

பதர்பூர் எல்லையைத் தாண்டினால் ஃபரிதாபாத், அரியானா. தில்லி பங்க்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, டீசல் எல்லைக்கு அப்பால் விற்றது. இது வரிக் கணக்கில் வரும் விஷயம். வராத விஷயம் அந்த லாரிக்குள் இருந்தது. சென்னைக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் 550 லிட்டர். ஜூன் 7க்கும் 29க்கும் இடையில் டீசல் ஏறியது ரூ. 11.14. ஒரு நடைக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல். எல்லை தாண்டிப் போட்டாலும் இந்த ஏற்றத்திலிருந்து தப்ப முடியாது, இது நாடு முழுவதற்கும் பொது. வாடகையோ ஏறவில்லை. பெரிய கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டும் பெரிய டிரான்ஸ்போர்ட்காரர்கள், டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறார்கள். இந்திய லாரிகளில் பெரும்பான்மை, ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களுடையவை. அவர்களுக்கு ஒப்பந்தம் என்பது புக்கிங் ஆபீஸ்காரர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் தொகை. ஆறாயிரத்தை எங்கே பிடிப்பார்கள்? டயர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள். ஏற்றக்கூடிய எடைக்கு மேல் இரண்டு டன் ஏற்றுவார்கள். டிரைவர் ஓய்வெடுக்காமல் ஓட்டுவார். நெடுஞ்சாலையில் விடியற்காலை மூன்று மணிக்கு நிற்கும் லாரி மீது இன்னொரு லாரி மோதியதாகச் செய்தி வரும்போது டீசல் விலையை யாரும் அதோடு சேர்த்து எழுதுவதில்லை.

கார்க்காரருக்கு லிட்டருக்குப் பதினோரு ரூபாய் என்பது எரிச்சல். லாரிக்காரருக்கு ஓட்டும் செலவில் பாதிக்கு மேல் டீசல்தான். இருவரையும் சம அளவு வரியின் கீழ் கொண்டுவந்ததைச் சீர்திருத்தம் என்று சில பொருளாதார நிபுணர்கள் வரவேற்றார்கள். கார் டாங்கிக்குப் போன மானியத்தை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொன்னது சரியே. அதற்குக் காருக்கு வரி போட்டிருக்கலாம், பாரிக் குழு சொன்னது போல. எண்ணெய்க்கு வரி போடுவது எளிது, அவ்வளவுதான். தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக வசூலாகிறது.

தில்லியின் விசித்திரம் ஐந்து வாரம் நீடித்தது. ஜூலை முழுவதும் பெட்ரோல் ரூ. 80.43இல் அசையாமல் நிற்க, டீசல் மெல்ல நகர்ந்து 82 ரூபாயைத் தொடப் போனது. ஜூலை 30 அன்று முதல்வர் அர்விந்த் கெஜ்ரிவால் டீசல் மீதான வாட்டைப் பழைய 16.75 சதவீதத்துக்கே கொண்டுபோனார். டீசல் எட்டு ரூபாய்க்கு மேல் இறங்கி 74 ரூபாய்க்குக் கீழே வந்தது. வியாபாரிகளும் தொழிலதிபர்களும் கேட்டார்கள், பொருளாதாரத்தை மீட்க வேண்டும் என்றார் முதல்வர். லாரிகள் எல்லை தாண்டிப் போனதும் உதவியிருக்கும்.

2021 நவம்பரில், தீபாவளிக்கு முதல் நாள், மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்குப் பத்து ரூபாயும் குறைத்தது. அடுத்த மாதம் தில்லி பெட்ரோல் வாட்டைக் குறைத்தது. டீசல் மறுபடி பெட்ரோலுக்குக் கீழே பழைய இடத்தில் உட்கார்ந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது உலகச் சந்தையில் டீசல் பெட்ரோலை விட்டுவிட்டு எங்கோ போயிற்று. ஐரோப்பா தன் டீசலில் கணிசமான பங்கை ரஷ்யாவிடம் வாங்கிக்கொண்டிருந்தது. இந்தியப் பலகையில் அது தெரியவில்லை. நவம்பரிலிருந்து விலை உறைந்திருந்தது, இடையில் ஐந்து மாநிலத் தேர்தல். மார்ச்சில் மொத்தக் கொள்முதல்காரர்களுக்கு மட்டும் லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் ஏற்றினார்கள். தில்லியில் பங்க்கில் ரூ. 86.67, மொத்தத்தில் 115 ரூபாய். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்துகொண்டிருக்க, அதன் பஸ்கள் டெப்போவை விட்டு வெளியே வந்து, சாலையோர பங்க்குகளில் கார்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றன.